‘பரிசீலனையில்’ என்பதும் ஒரு பதில்தான்

இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்கலாம், மேன்முறையீடு செய்யலாம், ரெண்டு நாள் அழுதுபோட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஓம் என்று சொன்னால் பெட்டி அடுக்கலாம். ரெண்டும் சொல்லாமல் ‘உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என்று மட்டும் சொன்னால்? அந்த ஒற்றை வரியை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போனில் திறந்து பார்க்கலாம். வேறொன்றும் செய்ய ஏலாது.

எங்கட குழுவில் ரெண்டு பேர் நாற்பது நாளாக அதைத்தான் செய்தார்கள். ஐரோப்பிய நாடொன்றில் பத்து நாள் அரங்கப் பயிற்சிப் பட்டறை. அழைப்புக் கடிதம் வந்தது பட்டறைக்கு ஐம்பது நாளுக்கு முன்னம். கடிதம் இல்லாமல் விண்ணப்பத்தை எடுக்க மாட்டார்கள், ஆகவே அதற்கு முன்னம் எதுவும் செய்ய வழியில்லை. கொழும்பில் விண்ணப்பம் குடுக்கக் கிடைத்த முதல் திகதி, கடிதம் வந்து பதினாலாம் நாள். வங்கிக் கூற்று, பயணக் காப்புறுதி, வேலையிடத்துக் கடிதம், கைரேகை எல்லாம் குடுத்து, பாஸ்போட்டையும் குடுத்துப்போட்டு இரவு ரயிலில் மட்டக்களப்புக்குத் திரும்பி வந்தார்கள். விசா ஒட்டின பாஸ்போட் கைக்கு வந்தது பட்டறை தொடங்கி நாலாம் நாள்.

கவனியுங்கள், விசா மறுக்கப்படவில்லை. சொன்ன எல்லாருமே கேட்டது, “அதான் கிடைச்சிட்டே, பிறகென்ன?” என்றுதான். அடுத்த முறைக்கு உதவும் என்று ஆறுதல் வேறு. அந்த விசாவில் எழுதியிருந்த நாட்கள் முடிகிறபோது அதுவும் முடிந்தது. ஒருவரின் அம்மா டிக்கெட்டுக்காகச் சங்கிலியை அடகு வைத்திருந்தா. மற்றவர் சம்பளமில்லாத விடுமுறைக்கு எழுதிக் குடுத்து, போகாத பயணத்துக்காக வீட்டில் இருந்தார். டிக்கெட் காசு திரும்பவில்லை, விசாக் கட்டணம் எப்படியும் திரும்பாது. அடகுக்கு வட்டி மட்டும் ஒழுங்காக ஏறியது.

இதில் எங்களை யோசிக்க வைத்த விஷயம் வேறு. யாராவது சட்டத்தை மீறியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தோம். ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவான விசாச் சட்டக்கோவை ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் குடுக்கும் திகதியைப் பொதுவாக ரெண்டு கிழமைக்குள் தரவேண்டும் என்கிறது அது. தந்தார்கள், சரியாகப் பதினாலாம் நாள். முடிவை 15 நாளுக்குள் எடுக்க வேண்டும், தேவையென்றால் 45 நாள் வரை நீட்டலாம். எடுத்தார்கள், நாற்பதாம் நாள். பதினாலும் நாற்பதும் ஐம்பத்துநாலு. பட்டறைக்கு இருந்தது ஐம்பது நாள். எந்த விதியும் மீறப்படாமல், ஒருத்தர் கையிலும் பிழையில்லாமல், பயணம் மட்டும் செத்துப்போனது.

தாமதத்தை நாங்கள் மழை மாதிரிப் பார்த்துப் பழகிவிட்டோம். வந்தால் நனைய வேண்டியதுதான், யாரைக் கேட்பது? எங்கட கருத்து அதற்கு மாறானது. தாமதம் தானாக நடப்பதில்லை. எத்தனை பேரை வேலைக்கு வைப்பது, எந்த ஊரில் அலுவலகம் திறப்பது, எந்த நாட்டுப் பாஸ்போட்டை எத்தனை தரம் புரட்டிப் பார்ப்பது என்று யாரோ எப்போதோ எடுத்த முடிவுகளின் விளைவு அது. அந்த முடிவுகளுக்கான செலவு எல்லார் தலையிலும் ஒரே அளவில் விழுவதில்லை. கொழும்பிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு கூட விழுகிறது.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வீதியால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ரயில் என்றால் வாழைச்சேனை, பொலன்னறுவை, கல்ஓயா, மாகோ என்று சுற்றிப் போய்ச் சேர எட்டு ஒன்பது மணித்தியாலம். கொழும்புக்காரருக்கு ‘நாளைக்கு ஒரு ஆவணம் குறையுது, கொண்டு வாங்க’ என்பது அரை நாள் அலைச்சல். எங்களுக்கு ரெண்டு இரவும் ஒரு பகலும், தங்குமிடக் காசும், ரெண்டு நாள் சம்பளமும். கொழும்பில் தூதரகமே வைத்திருக்காத பல ஐரோப்பிய நாடுகளின் விண்ணப்பங்கள் கடல் தாண்டிப் புதுடில்லிக்குப் போய் வருகின்றன. அந்தத் தூரத்தையும் நாங்கள்தான் காத்திருந்து கட்டுகிறோம்.

அது அடுத்தவர் வீட்டுக் கதவு. தட்டத்தான் முடியும், திறப்பது அவர் இஷ்டம் என்று விட்டுவிடலாம். எங்கட சொந்த வீட்டுக் கதவு எப்படி இருக்கிறது?

2024இன் நடுப்பகுதியை மறந்திருக்க மாட்டீர்கள். நாட்டில் பாஸ்போட் புத்தகமே இல்லாமல் போனது. இலத்திரனியல் கடவுச்சீட்டுக்கு மாறப்போகிறோம் என்று அரசு தொடங்கியது. அந்தக் கேள்விப்பத்திரம் வழக்கில் மாட்டியது. பழைய புத்தகங்களின் கையிருப்பு கரைந்தது. ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குத்தான் என்று திணைக்களம் மட்டுப்படுத்தியது. பத்தரமுல்லையில் சனம் இரவிரவாகத் தெருவில் படுத்துக் கிடந்தது. அக்டோபரில் புதுப் புத்தகங்கள் வந்தன, நவம்பரில் முன்பதிவு முறை வந்தது, 2025 பெப்ரவரியில் பத்தரமுல்லையில் இருபத்துநாலு மணித்தியாலச் சேவை தொடங்கியது. இப்போது நிலைமை தேறியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. 2023 ஜூனிலேயே 51 பிரதேச செயலகங்களில் கைரேகை குடுத்து இணையத்தில் விண்ணப்பிக்கும் வசதியும் வந்துவிட்டது. அது உண்மையிலேயே நல்ல வேலை.

ஆனா அவசரம் என்று வரும்போது? சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒரு நாள் சேவைக்கு 20,000 ரூபா. அவசரத்துக்கு விலை ரெண்டு மடங்கு, அதோடு அந்த அவசரத்தை வாங்கப் போகவேண்டிய தூரம். பத்தரமுல்லைக்கு வெளியே கண்டி, மாத்தறை, வவுனியா, குருநாகல் என்று பிராந்திய அலுவலகங்கள் இருந்தன. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் ஒன்று திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு வாழ்த்துகள், அது எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனா அந்தப் பட்டியலைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். ஆறு இடங்களில் கிழக்கு மாகாணத்து ஊர் ஒன்றுகூட இல்லை. திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மூன்றிலிருந்தும் பெரிய அளவில் ஆட்கள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் அனுப்புகிற டொலரை எண்ணும்போது மட்டும் கிழக்கு எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது.

இன்னொன்று. நாங்கள் அனுமதி கேட்கிறவர்கள் மட்டும் இல்லை, எங்கட நாடும் மற்றவருக்கு அனுமதி குடுக்கிற நாடுதான். 2012 தொடக்கத்திலிருந்து இலங்கைக்கு வருகிறவர்கள் ஈ.ரீ.ஏ. என்ற இலத்திரனியல் பயண அனுமதியை இணையத்தில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஓடிக்கொண்டிருந்த அந்த முறையை 2024 ஏப்ரலில் நிறுத்தி, வெளிநாட்டுக் கம்பனிகள் கூட்டாக நடத்துகிற புது முறைக்கு மாற்றினார்கள். 50 டொலரில் முடிந்த வேலை நூறு டொலரைத் தொட்டது. எம்.ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், பாட்டலி சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர் நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்ட் 2ஆம் திகதி, புது முறையை நிறுத்திப் பழையதைக் கொண்டுவரச் சொல்லி இடைக்காலக் கட்டளை வந்தது. கட்டளை வந்தும் பழைய முறை வரவில்லை. செப்டெம்பர் 25ஆம் திகதி குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகத்தை நீதிமன்றம் விளக்கமறியலில் வைத்தது. அதற்குப் பிறகு ஓரிரு நாளில் ஈ.ரீ.ஏ. திரும்ப ஓடத் தொடங்கியது.

ஏப்ரலில் மாற்றி, ஆகஸ்டில் கட்டளை வந்து, ஏறக்குறைய எட்டுக் கிழமை நடக்காத ஒன்று, பொறுப்பானவர் உள்ளே போனதும் ரெண்டு நாளில் நடந்தது. தொழில்நுட்பக் கோளாறு, ஆளணிப் பற்றாக்குறை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் இந்த ஒரு கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாமதமும் இப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனா எந்தத் தாமதத்துக்குப் பின்னாலும் ஒரு நாற்காலி இருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருகிற கனடாப் பேரப்பிள்ளைகளை எல்லாருக்கும் தெரியும். ஒரு அம்மம்மாவின் ரெண்டு பேரப்பிள்ளைகளை எடுங்கள். ஒன்று ஸ்காபரோவில் பிறந்தது, மற்றது கல்லடியில் பிறந்தது. கனடாப் பிள்ளை கட்டிலில் படுத்தபடி போனில் ஈ.ரீ.ஏ. எடுத்துக்கொண்டு விமானம் ஏறி வருகிறது. அம்மம்மாவின் மற்றப் பிள்ளை அதே வீட்டுக் கலியாணத்துக்குக் கனடா போகவென்றால், வங்கிக் கணக்கு, காணி உறுதி, ‘திரும்பி வருவேன்’ என்பதற்கான அத்தாட்சி எல்லாம் காட்டி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கலியாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, அதற்குப் பேர் வைக்கிற நேரத்துக்கு விசா வரும் என்று எங்கட பக்கத்தில் ஒரு பகிடி இருக்கிறது. பகிடியில் பாதிதான் பகிடி.

வாவியைச் சுற்றி வாழ்கிறவர்களுக்குப் பயண அனுமதி என்ற சொல்லே பழைய சொல். வெளிநாடு போகத்தான் அனுமதி வேண்டும் என்றில்லை. போர்க்காலத்தில் படுவான்கரை புலிகளின் கையிலும், நகரம் இருந்த எழுவான்கரை படையினரின் கையிலும் இருந்தபோது, ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்குப் போவதே பரிசீலனைக்குட்பட்ட பயணம். வவுணதீவுச் சாவடியில் நின்ற கதையை எங்கட வீட்டு மூத்தவர்களில் சொல்லாதவர் இல்லை. நெல் மூட்டையும் நோயாளியும் ஒரே வரிசையில் நின்ற காலம். “எவ்வளவு நேரம் நிக்கணும் எண்டு யாரும் சொல்ல மாட்டான் மனே, அதுதான் கஷ்டம்” என்று ஒரு அம்மம்மா எங்களிடம் சொன்னா. நேரம் சொல்லாமல் நிறுத்தி வைப்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று அவவுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

அதே படுவான்கரைப் பெண்களுக்குப் பிறகு இன்னொரு சாவடி வந்தது. அது காகிதத்தில் வந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்குக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. 2005இல், பதினேழு வயதில், பிறந்த திகதியைக் கூட்டிக் காட்டிய பாஸ்போட்டில் அனுப்பப்பட்ட பிள்ளை அவ. அந்த வருடம் நடுப்பகுதியில் அரசு ஒரு சுற்றறிக்கை கொண்டு வந்தது. வீட்டுப் பணிக்காக வெளிநாடு போகும் பெண்கள் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ எடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகவே ஏலாது. கூடிய வயதென்றால், பிள்ளையை யார் பார்ப்பது என்று காட்ட வேண்டும். கிராம சேவகரிலிருந்து பிரதேச செயலாளர் வரை கையெழுத்து. கணவனின் சம்மதமும் கேட்கப்பட்டது. பிறகு மற்ற வேலைகளுக்குப் போகும் பெண்களுக்கும் அது விரிந்தது. ஆண்களுக்கு இப்படி ஒரு அறிக்கை ஒருநாளும் இருந்ததில்லை. தகப்பன் போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நாங்கள் எங்களுக்குள்ளேயே சண்டை பிடித்தோம். குழுவில் ஒரு தோழி சொன்னா, “சரி பாருங்க, ரிசானாவின்ட பாஸ்போட்டை ஆராவது ஒழுங்கா நிறுத்தி வைச்சுப் பார்த்திருந்தா அவ போயிருக்க மாட்டா. அப்ப தாமதம் நல்லதுதானே?” நியாயமான கேள்வி. அவவின் வயதைப் பார்த்திருக்க வேண்டும். முகவரைப் பிடித்திருக்க வேண்டும். அது சோதனை. சோதனை வேண்டாம் என்று நாங்கள் எங்கேயும் சொல்லவில்லை. ஆனா நடந்தது என்ன? பொய்யான வயதை விட்டுப்போட்டு, உண்மையான வயதில் உண்மையான பெயரில் போகிற தாய்மாரை மறித்தார்கள். மறித்ததால் போக்கு நின்றதா? அறிக்கை எடுக்க முடியாதவர்கள் விசிட் விசாவில் டுபாய்க்கும் ஓமானுக்கும் போனார்கள். பணியகத்தில் பதிவில்லை, காப்புறுதி இல்லை, தூதரகத்தின் கணக்கிலும் இல்லை. 2022 நவம்பரில் ஓமானில் சிக்கிய இலங்கைப் பெண்களைப் பற்றி நாடே பேசியபோது, அவர்கள் சுற்றுலா விசாவில் போனவர்கள் என்று குற்றம் சொன்னவர்கள், நேர்வழி எவ்வளவு நீளம் என்று கேட்கவில்லை. அந்த வருடம் ஜூனில்தான், நாடு டொலர் இல்லாமல் விழுந்து கிடந்தபோது, அமைச்சரவை ஐந்து வயதை ரெண்டு வயதாகக் குறைத்தது. பிள்ளையின் நலன் என்று ஒன்பது வருடம் சொல்லப்பட்டது டொலர் முடிந்ததும் மூன்று வயது இறங்கியது. இதற்கு நாங்கள் விளக்கம் எழுதத் தேவையில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனபோது ஒன்றைக் கண்டு நாங்களே திகைத்தோம். எங்கட அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, நாட்டுக்குள்ளே நடமாடவும் விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் சுதந்திரம் தருகிறது. நாட்டுக்குத் திரும்பி வரவும் சுதந்திரம் தருகிறது. வெளியே போகும் சுதந்திரம்? அப்படி ஒரு வரி இல்லை. திரும்பி வரலாம், ஆனா போவதைப் பற்றி எழுதவில்லை! இலங்கை 1980இல் இணைந்த குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரையில் அது தெளிவாக இருக்கிறது. தன் நாடு உட்பட எந்த நாட்டை விட்டும் வெளியேற எவருக்கும் சுதந்திரம் உண்டு. வெளியே கையெழுத்துப் போட்ட ஒன்றை உள்ளே எழுதாமல் விட்டிருக்கிறோம்.

இந்திய அரசியலமைப்பிலும் அந்த வரி இல்லை. ஆனா அங்கே சனம் நீதிமன்றம் போய் எழுத வைத்தது. 1967இல் சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வணிகரின் வழக்கில், வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தின் பகுதி, பாஸ்போட் அரசு போடுகிற பிச்சை அல்ல என்ற கருத்து மூன்றுக்கு ரெண்டு என்ற கணக்கில் வென்றது. பத்து வருடம் கழித்து மேனகா காந்தியின் பாஸ்போட்டை ‘பொதுநலன்’ என்ற ஒற்றைச் சொல்லோடு பிடுங்கினார்கள், காரணம் சொல்ல மறுத்தார்கள். 1978 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம், ஒருவரின் பயணத்தை மறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்கவேண்டும், அவர் பக்கத்தையும் கேட்கவேண்டும் என்பது. மேனகா காந்தி அரச குடும்பம் மாதிரி ஒரு குடும்பத்து மருமகள் என்பது வேறு கதை. தீர்ப்பு எல்லாருக்கும் பொது.

எங்கட வழக்கு எப்போது வரும் என்று தெரியாது. அதுவரைக்கும் கையில் இருக்கிறதைப் பார்ப்போம். எங்களுக்குப் பயன்பட்டதையும், பிறகு தேடி அறிந்ததையும் சொல்கிறோம்.

உங்கட விண்ணப்பம் இலங்கை அரச அலுவலகம் ஒன்றில் கிடந்தால், போன் எடுத்து எடுத்துக் களைக்காமல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ‘என் விண்ணப்பம் எந்தத் திகதியில் எந்த உத்தியோகத்தரின் மேசைக்குப் போனது, இப்போது எங்கே நிற்கிறது, முடிவெடுக்க வகுக்கப்பட்ட காலம் எத்தனை நாள்’ என்று மூன்று கேள்வி போதும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று பதில் சொல்லவேண்டும். தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள், தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. எங்கட அனுபவத்தில், இப்படி ஒரு கடிதம் போனாலே சில கோப்புகளுக்குக் கால் முளைக்கிறது.

காரணமில்லாமல் இழுத்தடிக்கிறார்கள் என்று பட்டால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலகம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாத அவகாசம்தான், அதுவும் கொழும்பில் உயர் நீதிமன்றத்தில்தான். ஆனா அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இதைத் தெரியாமல் ‘அங்கேயும் இங்கேயும் கேட்டுப் பார்ப்போம்’ என்று ரெண்டு மாதத்தை விடுகிறவர்கள்தான் கூட.

வெளிநாட்டுத் தூதரகத்துக்கு இந்தச் சட்டங்கள் செல்லாது. அங்கே வேறு வழி. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னமே விண்ணப்பிக்கலாம், ஆகவே அழைக்கிறவர்களிடம் அழைப்புக் கடிதத்தை முந்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்படாதீங்க, எங்கட பாஸ்போட் எவ்வளவு மெதுவானது என்று அவர்களுக்குத் தெரியாது, சொன்னால்தான் விளங்கும். அவசரம் என்று ஆதாரத்தோடு காட்டினால் வரிசைக்கு வெளியே திகதி தரலாம் என்றும் அதே சட்டக்கோவையில் இருக்கிறது. டிக்கெட்டை வாங்காமல் முன்பதிவு மட்டும் காட்டினால் போதும். சங்கிலியை விசா வந்த பிறகு அடகு வைக்கலாம். ‘உள்ளுக்க ஆள் இருக்கு, ஒரு இருபத்தஞ்சு தந்தா நாளைக்கே எடுக்கலாம்’ என்கிற அண்ணன்மாரை நம்பவேண்டாம். அவருக்கு உள்ளே ஆள் இல்லை. இருந்தால் அது இன்னும் மோசம்.

இதெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்வது. கிழக்கில் ஒரு பிராந்தியக் கடவுச்சீட்டு அலுவலகம் வேண்டும் என்று நாங்கள் கேட்டால், ‘அந்தளவுக்குத் தேவை இருக்கா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். பதில் சொல்லக் கணக்கு வேண்டும். அதனால் ஒரு கொப்பி திறந்திருக்கிறோம். பாஸ்போட், விசா, வேலைக்குப் போகும் பெண்களின் அறிக்கை எதுவானாலும், எந்தத் திகதியில் குடுத்தீர்கள், எந்தத் திகதியில் கிடைத்தது, எத்தனை தரம் கொழும்புக்குப் போனீர்கள், மொத்தம் எவ்வளவு முடிந்தது. நாலே நாலு நிரல். பெயர் தேவையில்லை, கிராமத்தின் பெயர் போதும். ஒரு வருடம் சேர்த்து, மாவட்டச் செயலகத்துக்கும் கிழக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும் அனுப்புவோம், கட்சி பார்க்காமல்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, வழமையாகப் படம் போடுகிற இடத்தில் கொப்பி இருக்கும். படுவான்கரைப் பக்கத்துக்கு ஞாயிறு காலையில் நாங்களே கொண்டு வருவோம், அங்கேயிருந்து ஆட்கள் இதற்காகவும் ஒருதரம் பாலம் தாண்டி வரவேண்டாம். பற்றுச்சீட்டு இருந்தால் படப்பிரதி ஒன்று கொண்டு வாங்க. அடையாள அட்டை இலக்கத்தையும் பாஸ்போட் இலக்கத்தையும் மறைச்சுப்போட்டுத் தாங்க.